கட்டில் போக இருபத்து நாலு கல்

கும்மிடிப்பூண்டி,
22-2-1974

மரியாதைக்குரிய மணவாளன் அண்ணனுக்குத் தங்கை சம்பூர்ணம் வணக்கத்துடன் எழுதுவது. பிலாய்க்குச் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா? கன்னியம்மாவை ஜானகியம்மாள் வீட்டாருக்குப் பிடித்துப்போனதும் வைகாசியில் முகூர்த்தம் பார்க்கச் சொன்னதும் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். பெண் பார்க்க வருவதற்குள் அறைக்குத் தரை போட இருபத்து நாலு கடப்பைக்கல் போதும் என்று தெளிவாக எழுதியும் ஏன் முப்பத்து மூன்று வாங்கினேன்? பெண் பார்க்க வந்த அன்று அப்பா ஏன் அறைக்குள் வரவில்லை? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் சொல்லவில்லை.

உங்கள் கணக்கில் தப்பில்லை. அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. கல் இரண்டுக்கு இரண்டு. முழு அறைக்கு முப்பது கல். அதில் அப்பா கட்டில் கிடக்கும் மூலைக்கு ஆறு கல்லைக் கழித்துவிட்டு இருபத்து நாலு என்று எழுதினீர்கள். கட்டிலுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள், அந்த இடம் ஒழிந்த பிறகு மீதியைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒழிந்த பிறகு என்ற வார்த்தையை எழுதும்போது உங்கள் கை நிற்கவில்லையா அண்ணா?

நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அளவு எடுக்க வந்த கொத்தனார் கலியனிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். அவர் சுவரோரம் அளந்துகொண்டே வந்து, கட்டிலைச் சுற்றி நூல் பிடித்தார். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சுதான் குழறுமே தவிர, கண்ணும் காதும் நன்றாகத்தான் இருக்கின்றன.

“இன்னாத்துக்கு என்னைச் சுத்தி நூல் புடிக்கற?” என்று கேட்டார்.

“உங்க புள்ள இந்த எடத்த உட்டுட்டு அளக்கச் சொல்லிக்கிறாரு பெரியவரே. இத்த அப்பறமா போட்டுக்கலாமாம்.”

“அப்பறம்னா எப்ப?”

கலியன் என் முகத்தைப் பார்த்தார். கல் தட்டுப்பாடு, அடுத்த லாரி வரவேண்டும் என்று நான் ஏதோ உளறினேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டு, “முழு ரூமுக்கும் வாங்கு. கட்டில எடுத்து விறகுக் கொட்டாய்ல போடு” என்றார். கல் மண்டி நாயுடுவும், அடுத்த லோடு வேறு நிறத்தில் வரும், வாங்குவதை ஒரே தடவையாக வாங்கிவிடு என்றார். வெட்டும்போது உடைகிறதுக்கு மூன்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார் கலியன். முப்பத்து மூன்று வந்த விதம் இதுதான்.

வேலை முடியும் வரைக்கும்தான் கொட்டகை என்று நினைத்தேன். தரை காய்ந்ததும் கலியனும் நானும் கட்டிலைத் தூக்கப் போனோம். அப்பா நல்லாயிருக்கும் இடது கையால் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். விரலைப் பிரிக்க முடியவில்லை.

“அந்த ரூம்ல என்னைக் கழிச்சாச்சேம்மா. மறுபடி எதுக்குக் கூட்டற?” என்றார்.

கலியன் தோள்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா அழவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று ஜானகியம்மாள், பெரியவரை ஏன் பின்னால் படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று உங்களைக் கேட்டார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, “அவருக்குக் காத்தோட்டமா இருந்தாத்தான் தூக்கம் வரும்” என்றீர்கள். கொட்டகைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அப்பாவுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. வந்ததிலிருந்து ரயிலேறும் வரை நீங்கள் கொட்டகைப் பக்கம் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் வாசலிலேயே நின்று, “வரேம்பா” என்று சொல்லத்தான். கன்னியம்மா மட்டும் பட்டுப்புடவையோடு கொட்டகை மண்ணில் விழுந்து தாத்தாவைக் கும்பிட்டாள். புடவை பாழாகிவிட்டது என்று அண்ணி அவளை ஏசியதும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

ரயில்வே கேட்டில் முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் கொடி பிடித்துச் சேர்த்ததில் அப்பா கட்டிய வீடு இது. புருஷனைப் பறிகொடுத்து நான் வந்து நின்றபோது, எந்த இடம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார். நான் கேட்காமலே சொன்னார். அவருக்கு ஆறு கல் இடம் நாம் விடவில்லை. நாம் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கலியனிடம் சொன்னவள் நான்தானே.

இப்போது, கல்யாணத்துக்கு ஜனங்கள் வரும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதற்குள் அப்பாவை அறைக்குக் கொண்டு வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் கொண்டுவருவது? கல்லைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வந்து போடவா?

மாசிப் பனியில் அப்பாவுக்கு இருமல் கண்டிருக்கிறது. பொன்னேரி டாக்டர் வந்து பார்த்தார். மருந்து கொடுத்தார். வெளியே வந்ததும், பையன் எங்கே இருக்கிறார் என்று என்னைக் கேட்டார். இரண்டு நாளாகக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. நேற்று அவருக்கு முகம் துடைத்துவிடும்போது, “அவன் ஊருக்குப் போய்ச் சேந்தானா, காயிதம் வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது, அப்பாவைத்தான் முதலில் விசாரித்திருக்கிறார் என்று பொய் சொன்னேன்.

கல்யாணம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். லீவு கிடைக்காது என்று எழுத வேண்டாம். அண்ணி, குழந்தைகள் யாரும் இல்லாமல் நீங்கள் மட்டும் வாருங்கள். கொட்டகைக்குள் குனிந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே வாப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். நான் எவ்வளவு கூப்பிட்டாலும் அது உங்கள் வார்த்தை ஆகாது.

கன்னியம்மா புகுந்த வீட்டில் குறைவில்லாமல் வாழவேண்டும். உங்களுக்கும் வயதாகும் காலத்தில், பிள்ளைகள் உங்களையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று சிறுவாபுரி முருகனை வேண்டிக்கொள்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன். சீக்கிரம் வாருங்கள் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
சம்பூர்ணம்