வாசற்படியில் நின்றவர்

அன்புள்ள அப்பாவுக்கு, பிஷ்கெக் நகரத்திலிருந்து உங்கள் மகள் நுர்சாத். நீங்களும் அம்மாவும் குதிரைகளும் நலமா? முழங்கால் வலி எப்படி? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். வகுப்பில் என் முதல் கணினி விளையாட்டை எழுதினேன். மலையிலிருந்து ஆடுகளோடு வரும் ஆளுக்கு உங்கள் வெள்ளைத் தொப்பியையும் மீசையையும் வைத்தேன். ஓடவிட்டுப் பார்த்தால், அவர் நம் கூடார வீட்டு வாசற்படியை மிதித்தபடியே நின்றுவிட்டார். எதை அழுத்தியும் நகரவில்லை.

“உங்கப்பாவுக்கு வீட்டுக்குள்ள வர மனசில்லடி!” என்று தோழி மேரிம் சிரித்தாள்.

“ஒரு வரிதாம்மா தப்பு. படியையும் சுவர்னு எழுதிட்டே,” என்றார் ஆசிரியர்.

நானும் சிரித்தேன். ஆனால் படியை மிதித்தால் வீட்டுக்கு ஆகாது என்று அதட்டி வளர்த்தவர் நீங்கள்.

வரியை அன்றே திருத்திவிட்டேன். இப்போது நீங்கள் உள்ளே போய் அடுப்பருகே உட்காருகிறீர்கள். நூறு தடவை ஓடவிட்டேன்; நூறு தடவையும் உள்ளே போனீர்கள்.

அன்றிலிருந்து மூன்று நாளாக உங்கள் போன் கிடைக்கவில்லை. மேய்ச்சல் மலையில் சிக்னல் இருக்காது, தெரியும்.

கொஞ்சம் உப்புத் தயிர் உருண்டை வேண்டும். இந்தக் கடிதம் கொண்டுவரும் மினிபஸ் ஓட்டுநரிடமே கொடுத்தனுப்புங்கள். அம்மாவை அனுப்பாதீர்கள், நீங்களே வண்டிக்கு வந்து கொடுங்கள். யார் கொடுத்தது என்று அவரிடம் கேட்பேன்.

வண்டி கிளம்புகிறது.

உங்கள் நுர்சாத்