பயில்வான் கால்

மர்பி டவுன், பெங்களூர்
9.7.1998

அன்பு மகள் வீணாவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

விஷயம் உன் அக்கா சரசுவின் மகன் ஹரிஷைப் பற்றியது. அவன் கெண்டைக்கால் உருண்டு திரண்டு இருப்பதைப் பார்த்துப் பயில்வான் என்றுதானே எல்லோரும் கூப்பிட்டோம், நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் காலைக் காட்டிப் பெருமையடித்தேன். ஆறு வயதாகியும் படி ஏறத் திணறினான், கீழே உட்கார்ந்தால் தன் தொடையிலேயே கை ஊன்றி ஊன்றித்தான் எழுந்தான், சோம்பேறி என்று நான்தான் திட்டினேன். போன மாதம் சரசு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், ரத்தம் எடுத்தார்கள், முந்தாநாள் முடிவு கேட்க நானும் அம்மாவும் கூடப் போனோம். இது பலம் இல்லை, தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது, நாலைந்து வருஷத்தில் நடை நின்றுவிடும், குணப்படுத்த மருந்து கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். சரசு அழக்கூட இல்லை, பிள்ளைக்குச் செருப்பை மாட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்மா வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது உன் அம்மா சட்டென்று இல்லை என்றாள். வெளியே வந்ததும், "உன் தம்பி உத்தமன்..." என்று அவளிடம் நான் ஆரம்பித்தேன், "அவனுக்கு வந்தது போலியோ, சும்மா இருங்க" என்று சீறினாள். பதினாறு வயதில் செத்துப்போன உன் மாமா அவன். நானும் இத்தனை வருஷம் போலியோ என்றே நம்பியவன்தான். ஆனால் போலியோ வந்த கால் சூம்பிப் போகுமே? எங்கள் கல்யாணப் போட்டோவில் அவன் அரை டிராயரோடு நிற்கிறான், எடுத்துப் பார்த்தேன், அச்சாக ஹரிஷின் கால். மறுநாள் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சரசுவுக்குத் தங்கை உண்டா என்றுதான் அவர் முதலில் கேட்டார். இது பெண்களிடம் ஒளிந்திருந்து அவர்கள் பெறும் பையன்களுக்கு வருமாம், எல்லாப் பையன்களுக்கும் இல்லை. உன்னிடம் இல்லாமலே இருக்கலாம். ஹரிஷின் ரத்தத்தில் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதால் உனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் பார்க்க முடியும், மூன்று மாதம் முடிவதற்குள் வரச் சொல்லுங்கள் என்றார். உனக்கு இது எட்டாவது வாரம், கடிதம் வந்து சேரவே பத்து நாள் ஆகும் என்று விரலை எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். போன் பூத்தில் பத்துப் பேர் நிற்கும்போது இதையெல்லாம் எப்படிக் கத்திச் சொல்வது?

டெஸ்ட் எடுத்தபின் என்ன செய்வது என்பது நீயும் மாப்பிள்ளையும் பேசி எடுக்கும் முடிவு, நான் குறுக்கே வரமாட்டேன். வெயிலில் அலையாதே. டிக்கெட் கிடைத்ததும் சரசு ஆபீசுக்குப் போன் செய்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பின்னால் வந்து நின்றுவிட்டாள். கடிதத்தைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன், பிடுங்கவில்லை. "எழுதுங்க. இந்தச் சீக்கு நான் குடுத்ததுன்னு தெரிஞ்சா அவ இனிமே என் மூஞ்சில முழிப்பாளா?" என்றாள். வீணா, நீ வந்து இறங்கியதும் டாக்டரைப் பற்றி என்னிடம் அப்புறம் கேள். முதலில் போய் அம்மாவைக் கட்டிக்கொள்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்
உன் அப்பா
பச்சைமுத்து