வேண்டாத பட்டன்

சங்கரன்கோவில்,
ஆடி 6, செவ்வாய்.

அன்புள்ள சித்ராவுக்கு,

பேச்சிராஜ் எழுதுவது. சௌக்கியம் என்று எழுதினால் நம்பமாட்டாய். சாப்பிடுகிறேன், தறி ஓடுகிறது, அவ்வளவுதான். இளையரசனேந்தலில் உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மச்சானுக்குப் போன் போட்டால் அவர் உன்னிடம் நீட்டுகிறார், நீ வாங்கமாட்டேன் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பழைய லேப்டாப்பை ரிபாயியின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்குக் கோபத்தில் மூடியை அறைந்து சாத்தினேனே, அப்போது பேனா உள்ளே கிடந்திருக்கிறது. நடு வரிசைப் பட்டன் ஒன்று வேலை செய்யாமல் போய்விட்டது. அடியில் இருக்கும் ரப்பரும் கிழிந்திருந்தது. இந்த மாடலே இப்போ கெடையாது அண்ணாச்சி, பார்ட்ஸுக்கு எங்கன போக என்று ரிபாயி கையை விரித்தான். புது மெஷின் வாங்கினால் அதில் நீ அடித்துப் பழகிய பழைய தமிழ் எழுத்து வராது என்பது எனக்கும் தெரியும். பிறகு அவனே ஒரு வழி சொன்னான். இதிலேயே வேண்டாத பட்டன் ஒன்றின் ரப்பரை எடுத்து வைத்துவிடலாமாம். மதினிக்கு எது வேண்டாம்னு சொல்லுங்க என்றான்.

எனக்குத் தெரியவில்லை, சித்ரா. இருபது வருஷமாக அடுத்த அறையில் நீ மனு அடிக்கிறாய், ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. மேல் வரிசைக் கடைசிப் பட்டனை யாரும் தொடமாட்டார்கள் என்று ரிபாயி நெம்பப் போனான். அதுதான் எல்லாவற்றையும்விட வழவழவென்று தேய்ந்திருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரே பஞ்சு. எல்லாம் நம் தறிப் பஞ்சு. மனு எழுத வருகிற ஜனங்களின் சத்தம் தாங்கவில்லை என்றுதானே அன்றைக்குக் கத்தினேன். என் தறிச் சத்தத்தில்தான் நீ இத்தனை வருஷம் உட்கார்ந்து அடித்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. கடைசியில் வலது ஓரத்தில், பஞ்சு கலையாமல் படிந்திருந்த பட்டனின் ரப்பரை எடுத்தோம். தப்பாக இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

குருவிகுளம் முத்துமாரி வந்திருந்தாள். வருகிற திங்கள்கிழமை கலெக்டரிடம் விதவைப் பென்ஷன் மனு கொடுக்கவேண்டுமாம். நானே கையால் எழுதிக் கொடுத்தேன். எழுத்து நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஆனா அக்கா அடிச்சுத் தந்தாத்தான் ஆபீஸ்ல உக்காரச் சொல்லிப் படிக்காங்க என்றாள். என் தாளை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

லேப்டாப் இப்போது அதே மேஜையில் இருக்கிறது. ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தேன், ரப்பர் எடுத்த அந்த ஒன்றைத் தவிர எல்லாம் வேலை செய்கிறது. பஞ்சு விழாமல் துண்டு போர்த்தியிருக்கிறேன். மூடியை மட்டும் சாத்தவில்லை. அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, முத்துமாரிக்கு மனுவை அடித்துக் கொடுத்துவிட்டு, நீயே உன் கையால் மூடு.

உன்,
பேச்சிராஜ்