இருபத்திமூணு பூட்டு

வடவயல்,
ஆர்.எஸ்.மங்கலம் தாலுகா (இதை நன்றாகப் பார்த்துக்கொள்)

அன்பு மகன் யோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. மூட்டுவலியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நானும் உன் அய்யாவும் சுகம்தான். பெங்களூரில் நீயும் துர்காதேவியும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க காளியாத்தா துணையிருக்கட்டும். போனில் பேசினால் மீட்டிங்கில் இருக்கேம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய தைலம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. முகவரியில் இன்னமும் திருவாடானை தாலுகா என்றே எழுதுகிறாய். நம்மைப் பிரித்து ஆர்.எஸ்.மங்கலத்தில் போட்டு வருஷம் எத்தனை ஆச்சு? சொந்த ஊர் எந்தத் தாலுகா என்று தெரியாத பிள்ளையைத்தான் பெற்று வைத்திருக்கிறேன்.

உனக்குச் சளைத்தவரில்லை உன் அய்யா. வீட்டைப் பூட்டிவிட்டுத் தை மாசத்துக்குள் உன்னோடு வந்துவிடச் சொன்னாயே, அதற்கு ரெண்டு மாசமாகப் பதில் இல்லை. கேட்டால் கண்மாய்க்குத் தண்ணி வருதான்னு பார்த்துட்டு வாரேன் என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போன வாரம் மக்கள்தொகைக் கணக்கு எடுக்க அம்ரீன் டீச்சர் வந்தது. தொண்டிப் பக்கத்துப் பிள்ளை, வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது. கையில் நம்ம ஊர்ப் படம், அதுவே வரைந்தது. வடக்கே கண்மாய், கிழக்கே கருவேலங்காடு, நடுவில் நாலு தெரு, வீட்டுக்கு ஒரு கட்டம். உன் அய்யா பேனாவை வாங்கி, கரை இப்படியா வளையுது என்று திருத்த ஆரம்பித்துவிட்டார். அரைமணி நேரம் அந்தப் பிள்ளை நின்றபடியே இருந்தது, ஒரு செம்புத் தண்ணி கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பிறகு நான்தான் வீடு வீடாகக் கூட்டிப்போனேன். அறுபத்தோரு வீட்டில் இருபத்திமூணு பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கு முன்னாலும் நின்று, இவங்க எங்கம்மா என்று கேட்டது. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

கடைசியாக நம்ம வீடு. எத்தனை பேர் இருக்கீங்க என்றது. நாலு பேரு என்றார் உன் அய்யா. கல்யாணமான ஜோடி எத்தனை என்றது. ரெண்டு ஜோடி, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்காக, வந்துருவாக என்றார் கூசாமல். வாசலில் கிடந்ததென்னவோ எங்கள் செருப்பு ரெண்டு ஜோடிதான், டீச்சரும் அதைப் பார்த்தது. ஊருக்கே நியாயம் சொல்கிற மனுஷன் இப்படிப் புளுகலாமா என்று அது போனபிறகு சண்டை போட்டேன். ஆள் குறைஞ்சா ஏழு மணி பஸ்ஸை நிப்பாட்டிருவான் என்கிறார். அந்த பஸ்ஸில் அவர் ஏறி மூணு வருஷம் ஆகிறது. என்னத்தைச் சொல்ல.

டீச்சர் உன் நம்பரை வாங்கிப்போயிருக்கிறது. ஒரு ஆளை ரெண்டு ஊரில் எழுதக்கூடாதாம், ஞாயிற்றுக்கிழமை உன்னிடமே கேட்கும். உண்மையைச் சொல்லிவிடு, அந்தப் பிள்ளை வேலைக்குக் கெடுதல் வரக்கூடாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அய்யா சொன்னதும் டீச்சர் என் பக்கம் திரும்பி, நாலு பேர்தானாம்மா என்று கேட்டது. நானும் ஆமா என்றேன். உன்னோடு வந்துவிடலாம் என்று அவரை நச்சரித்ததெல்லாம் நான்தான். ஆனால் அத்தனை வாசலிலும் நின்றுவிட்டு வந்தபின், நம்ம கதவிலும் ஒரு பூட்டுத் தொங்குவதை நினைத்தேன், மனசு கேட்கவில்லை. அதனால் நாலை ரெண்டாகத் திருத்திக்கொள்ளச் சொல். அந்த ரெண்டையும் அழிக்கச் சொல்லாதே, நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம்.

துர்காவுக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய்நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள். பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் தைலம் கொண்டு வா. தபாலில் போடாதே.

உன்னைப் பெற்றவள்,
மு. நாகலெட்சுமி