எலேனாவின் மொழிக்கு நான் வைத்த பெயர்

வியாழன். வளைகுடா நாட்டுக் குதைபியா.

இல்லை, எலேனா கத்தவில்லை. நேராக என் மேசைக்கு வந்து சொன்னாள், அவ்வளவுதான்.

காரணம், யார் எந்த மொழி பேசுவார் என்று கிளினிக் சுவரில் நான் ஒட்டிய பட்டியல். மாசிடோனியாவிலிருந்து வந்த நர்ஸ் எலேனாவுக்கு நேரே 'பல்கேரியன்' என்று எழுதியிருந்தேன். போன வாரம் ஒரு பல்கேரிய நோயாளியுடன் அவள் தடையில்லாமல் பேசினாள். இரண்டும் நெருங்கிய தென்ஸ்லாவிய மொழிகள் என்று படித்தும் இருந்தேன்.

"நெருக்கம்தான். செர்பியனும் ஓரளவு புரியும். ஸ்லாவிய மொழியில் முதலில் எழுதியதே எங்கள் பக்கத்துப் பேச்சை வைத்துத்தான். ஆனால் என் அம்மா பள்ளியில் படித்தது மாசிடோனியன். அந்தப் பெயரை எழுது."

இங்கே எனக்கிருக்கும் ஒரே தோழி. உடனே திருத்தினேன்.

மருந்தகத்து மதுரைக்காரர் செந்தில் அண்ணா இரண்டு வருடமாகக் கேட்கிறார்: "என்னம்மா, உங்க யாழ்ப்பாணத் தமிழ் பாதி மலையாளமால்ல இருக்கு?" நான் சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்தபின் அவரோடு மனதுக்குள் சண்டை போடுவேன். நான் அவரை நிறுத்துவதுபோல் எலேனா என்னை வெளியே நிறுத்தவில்லை. சொன்னால் கேட்பேன் என்று நம்பியிருக்கிறாள். அதற்கு நன்றி.

"தண்டனை உண்டு. நாளைக்கு உன் வீட்டில் சாப்பாடு," என்றாள் போகும்போது.

உளுந்து ஊறப் போட்டேன்.