பஞ்சு இருமல்

குன்னத்தூர்
5.1.2008

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அந்தப் பனிக்காட்டில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் அவிநாசியப்பன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் உன் அண்ணன் ஆபீஸ் அறையில் இருக்கிறது, அவனை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கடிதமும் போட்டோவும் வந்தன. லடாக்கில் ஆடு மேய்க்கிற ஜனங்கள் குளிருக்கு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் அடுப்பைச் சுற்றிப் படுப்பதையும், ஒருவருக்கு டிபி வந்தால் குடும்பத்துக்கே வருவதையும், நீ சளி வாங்கிப்போய்ச் சோதித்துவிட்டு வருவதற்குள் அவர்கள் ஆட்டோடு வேறு மலைக்குப் போய்விடுவதையும், நீ அவர்களைத் தேடிக்கொண்டு போவதையும் எழுதியிருந்தாய். டாக்டருக்குப் படித்துவிட்டு ஆட்டுக்குப் பின்னால் அலைகிறாளே என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த வாயை நானே தைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது இப்போது.

கண்ணு, உன் அண்ணன் மகன் நித்தீஷ் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தீபாவளி முடிந்ததிலிருந்தே விட்டு விட்டுக் காய்ச்சல், வாந்தி, பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்று மருந்துக்கடையில் சொன்னதை நம்பினோம், பிறகு பிள்ளைக்குக் கழுத்து விறைத்துக் கைகால் இழுத்துவிட்டது. மூளையில் டிபி என்றார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது, இருமுகிறவர் யார் உங்கள் வீட்டில் என்று டாக்டர் கேட்டார். எங்கூட்ல யாருமில்லீங்க என்று உன் அண்ணன் கந்தவேல் பட்டென்று சொன்னான். உன் அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒருத்தியின் இருமல் நினைவுக்கு வந்தது.

நம் பனியன் ஷெட்டில் செக்கிங்கில் இருந்த உசிலம்பட்டிப் பெண் கருத்தம்மாவை நீ போன பொங்கலுக்குப் பார்த்திருக்கிறாய், பீஸில் ஓட்டை பார்த்து நூல் வெட்டுவாள், ஒழிந்த நேரமெல்லாம் நித்தீஷ் அவள் இடுப்பில்தான் இருப்பான். ஆடி மாதத்திலிருந்து அவளுக்கு இருமல். பனியன் கம்பெனியில் இருமாதவர் யார், பஞ்சு இருமல்தான் என்று எல்லோரும் சொன்னோம், நானும் தினம் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தேன், வெல்லம் தின்றால் தொண்டைப் பஞ்சு இறங்கிவிடும் என்று இங்கே காலங்காலமாகச் செய்வதுதானே. ஆள் பாதியாக இளைத்தபோதும் புத்தி வேறு பக்கம் போகவில்லை. புரட்டாசியில் நம் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஷெட்டைப் பார்க்க வருவதாக இருந்தது, பையர் முன்னால் யாரும் லொக்கு லொக்கென்று நிற்கக் கூடாது என்று கந்தவேல் அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, ஊருக்குப் போயி ஒடம்பத் தேத்திக்கிட்டு வா கண்ணு என்று பஸ் ஏற்றிவிட்டான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பையர் வரும்போது இருமுகிற ஆளுக்கு லீவு விடுவது இந்தப் பக்கம் வழக்கமாகவே போய்விட்டது. அவள் திரும்பி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதை நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஏனுங்கம்மா, கம்பெனிய இழுத்து மூடோணும்னே பேசறீங்களா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம் போட்டான் உன் அண்ணன், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. சுகாதாரத்துறை ஆட்கள் ஷெட்டுக்கு வந்து எல்லோரிடமும் சளி வாங்கினார்கள். ரிசல்ட் வருவதற்குள் பீகார் பையன்கள் சிலர் துணிமணியை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்கள், நோய் என்று தெரிந்தால் கருத்தம்மா மாதிரி நம்மையும் பஸ் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். எந்தக் கம்பெனி அறையில் எத்தனை பேரோடு அடைந்து கிடக்கிறார்களோ. நமது சூப்பர்வைசர் ஆறுமுகசாமிக்கு நோய் இருக்கிறது, மாத்திரை தொடங்கிவிட்டார்கள். கருத்தம்மாவுக்கு உசிலம்பட்டிக்குத் தகவல் கொடுத்தால், அவள் அங்கே வரவேயில்லை என்று பதில் வந்தது.

அவிநாசிப் பக்கம் அவளைப் பார்த்ததாக நம் டைலர் ஒருவர் சொன்னார். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகக் கேட்டு அலைந்தேன், உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். முந்தாநாள் ஒரு லைன் வீட்டில் கண்டுபிடித்தோம். குளிருக்கு ஜன்னலில் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள், உள்ளே ஆறேழு பெண்கள். என்னைப் பார்த்ததும் எலும்பும் தோலுமாக எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த இருமலோட போயி நின்னா எங்காத்தா பயந்துரும்னுதேன் அவிநாசியிலயே எறங்கிட்டேம்மா என்றாள். பிறகு, நீங்க சொன்னபடிக்கு வெல்லத்த விடாமத் தின்னுக்கிட்டு இருக்கேன், இந்தப் புள்ளைகளும் இருமுதுக, இதுகளுக்கும் ஆளுக்கொரு துண்டு குடுக்கேன் என்றாள்.

அவளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அந்தப் பெண்களைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தோம். அவள் பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் நித்தீஷ் நடக்கிறானா, என்னைத் தேடினானா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஓடுகிறான் என்று சொன்னேன். பிள்ளை கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறான், யார் முகத்தையும் அது பார்ப்பதில்லை.

கம்பளி உள்பனியன் அனுப்புகிறேன் என்றிருந்தேன், கட்டி வைத்தும் விட்டேன், நம் ஷெட் துணி என்று அனுப்பப் பயமாக இருக்கிறது. துணியில் நோய் ஒட்டாதென்றால் ஒரு வரி எழுது, அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே இருமுகிற யாரையும் உன் பார்வையை விட்டு அனுப்பாதே, எந்த மலைக்குப் போனாலும் விடாமல் போ, இனி அம்மா சிரிக்க மாட்டேன். நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அம்மா
வேலாத்தாள்