பத்து நாற்பதுக்குக் கேட்டது

செமோர்,
ஞாயிறு காலை.

மைத்துனர் தனேஸ்வரனுக்கு அப்பாவு எழுதுவது.

என் வீட்டு வானொலி ஸ்கேனர் செட்டில் வந்த ஆம்புலன்ஸ்காரர்களின் பேச்சை, எனக்குத் தெரியாமல் கைப்பேசியில் பதிவு செய்து நீ வெளியே அனுப்பினாய். அதைக் கேட்டுத்தான் கலாதேவி தன் புருஷன் சாகக் கிடப்பதைத் தெரிந்துகொண்டாள். இது நீ செய்த தவறு. இதை முதலில் எழுதாமல் உன் நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆறு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அதனால் பாரிட் புந்தாரில் உன் வீட்டுக்குப் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு வரவில்லை என்று சொல்ல முடியாது.

அன்று காலை கூடத்தில் நீயும் நானும்தான் இருந்தோம். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாரம் சரிந்து ஓர் ஆள் அடியில் மாட்டிக்கொண்டான் என்று செட்டில் மலாயில் பேசினார்கள். பெயர் தர்மா, தகப்பன் பெயர் சின்னையா, வயது நாற்பத்தொன்று, வீடு செமோர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் தர்மா, கலாதேவியின் புருஷன். நான் கையைக் காட்டி உன்னைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். நீயும் பேசவில்லை, பதிவு செய்துகொண்டிருந்தாய். பிறகு அதை ஜெலாப்பாங்கில் வேலை செய்யும் உன் கூட்டாளி பிச்சைமுத்துவுக்கு அனுப்பினாய். அன்றைக்கே நான் கேட்டபோது, "அவன் ஒருத்தனுக்குத்தான்லா மச்சான், வேற எங்க போவப் போவுது" என்றாய். பிச்சைமுத்து அதை நாற்பது பேர் உள்ள குழுவில் போட்டான். சுற்றிச் சுற்றி அது கலாதேவியின் அக்கா மகளிடம் வந்து சேர, அவள் கலாதேவிக்கே அனுப்பினாள், "சித்தி, இது நம்ம சித்தப்பாவா பாருங்க" என்று.

அந்தப் பதிவில் உன் குரல் இல்லை. உன் அக்காவின் குரல் இருக்கிறது. ஆளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்ல, நடுவில் அடுப்படியிலிருந்து செல்லாயி, "தம்பி, சீனி பத்துதா?" என்று கேட்கிறாள். இந்தத் தாமான் குடியிருப்பில் அந்தக் குரலைத் தெரியாதவர் இல்லை. அனுப்பியவன் நான் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் உன் பெயரைச் சொல்லவில்லை. பாசத்தால் அல்ல. அதை நீயே சொல்ல வேண்டும் என்பதால். செல்லாயி மூன்று வாரமாகக் கடைக்குப் போகவில்லை.

நம் ஆட்கள் கெட்ட செய்தியைச் சொல்லும் விதம் உனக்கும் தெரியும். செத்தவனைக்கூடச் செத்தான் என்று வாசலில் சொல்ல மாட்டோம். "கொஞ்சம் சீரியஸா இருக்கு, கெளம்பும்மா" என்போம். கூடவே ஒரு பெண் காரில் ஏறிப் பக்கத்தில் உட்காருவாள். போகிற வழியில் அவளாகவே புரிந்துகொள்வாள். கலாதேவிக்கு அது கிடைக்கவில்லை. கையில் ஈரத்தோடு, தனியாக நின்று, முன்பின் தெரியாத ஒருவனின் குரலில் கேட்டாள்.

என் போனை எடுக்காத நீ, உன் அக்காவின் போனை எடுக்கிறாய். "செட்டு வச்சிருந்தது மச்சான்தானே, என்னை எதுக்கு இழுக்குறாரு" என்று கேட்டாயாம். அதில் பாதி உண்மை. ஐம்பத்தெட்டு வயதில், ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி மலாய்ப் புத்தகம் படித்து அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறியவன் நான். அந்தச் சான்றிதழ் அமெச்சூர்காரர்களோடு பேசத்தான். ஆம்புலன்ஸ் பேச்சைக் கேட்க அது அனுமதி ஆகாது. நமக்கு அல்லாத பேச்சைக் கேட்பதும் குற்றம், அதைக் கடத்துவதும் குற்றம் என்று தெரிந்தேதான் பல வருடமாகக் கேட்டேன். என் சுவரைத் தாண்டி என் வீட்டுக்குள் வருவதை என் காது கேட்டால் அது எப்படித் திருட்டாகும் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அதை இந்தக் கடிதத்திலும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

சட்டத்தை மீறினாலும் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். கேட்டது காதோடு நிற்க வேண்டும். பதிவு செய்யக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, வேடிக்கை பார்க்க அந்த இடத்துக்குப் போகக் கூடாது. முத்து முகம்மதுவின் டீக்கடையில் தீப்பிடித்ததை அவருக்கு முன்னாலேயே நான் கேட்டேன். பொம்பா வண்டி கிளம்பிவிட்டது என்றும் கேட்டதால் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கடையில் நூறு டீயாவது குடித்திருப்பேன், ஒரு நாளும் சொன்னதில்லை.

அதே முறைப்படிதான் அன்றும் இருந்தேன். ஜன்னல் வழியாகக் கலாதேவி தெரிந்தாள். தர்மாவின் வேலைச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து சட்டையை மாட்டினேன். பொத்தானும் போட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். பதினொன்று ஐந்துக்கு அவள் அலறல் கேட்டது. முத்து முகம்மதுதான் அவளைக் காரில் ஈப்போவுக்குக் கூட்டிப்போனார். அவள் மருத்துவமனைக்குள் போனபோது பதினொன்று நாற்பது. தர்மா பதினொன்று இருபத்தைந்துக்கே போய்விட்டான். அதுவரை நினைவு இருந்ததாம்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "மாமா, யாரு அனுப்புனாங்கன்னு நான் கேக்க வரல. நீங்க எத்தன மணிக்குக் கேட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். பதினொரு மணி இருக்கும் என்றேன். பதிவு பரவியதைப் பற்றிப் போலீஸ் வந்து கேட்டபோதும் அதையே சொல்லியிருந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நேற்று மறுபடி வந்து, அதே கேள்வியைச் செல்லாயியிடம் கேட்டாள். செல்லாயி என்னைப் பார்த்தாள்.

நான் கேட்டது பத்து நாற்பதுக்கு. கேட்பதை எல்லாம் நேரத்தோடு குறித்து வைக்கும் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. பத்து நாற்பதுக்குக் கிளம்பியிருந்தால் பதினொன்றேகாலுக்குள் போயிருப்பாள். இந்தக் கணக்கை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். முத்து முகம்மது எதையோ ஊகித்துவிட்டு, "பரப்புறதுதான் தப்பு அண்ணே. பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட கெளம்பும்மான்னு சொல்றது பரப்புறதா? ஒங்க ரூல்ல அதுக்கு ஒரு ஓட்டை போட்டு வச்சிருக்கலாம்லா" என்றார். நான்கு நாளாக அவர் கடைக்குப் போகவில்லை.

இனி ஆக வேண்டியது.

பிச்சைமுத்து அந்தப் பதிவை அழிக்க வேண்டும். யார் யாருக்குப் போனதோ அவர்களிடமும் அழிக்கச் சொல்ல வேண்டும். இதை அவனிடம் நீ பேசு. நான் பேசினால் சண்டையாகும்.

செல்லாயி நாளையிலிருந்து கடைக்குப் போக வேண்டும். அவள் செய்த தவறு சீனி கேட்டது மட்டும்தான். அவளுக்குப் போன் போட்டு, "நான் சீனி கேட்டது என் தம்பியிடம்தான்" என்று ஊரில் சொல்லச் சொல்.

நான் செவ்வாய்க்கிழமை செட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போவேன். கொடுத்த வாக்குமூலத்தில் நேரத்தைத் திருத்துவேன். அவர்கள் வழக்குப் போட்டால் போடட்டும்.

நீ சனிக்கிழமை ரயிலேறி ஈப்போவில் இறங்கு. கலாதேவியின் வீட்டுக்குள் போய், "அனுப்பியது நான்தான்" என்று சொல். காரணம் சொல்லாதே. மச்சான் செட்டு என்றும் சொல்லாதே. அவள் திட்டினால் கேட்டுக்கொள்.

அதற்குப் பிறகு, பத்து நாற்பதை நான் அவளிடம் சொல்ல வேண்டும். அது என் வேலை, உன்னுடையது அல்ல. ஆனால் உன் பங்கு முடிந்தது என்று நீ எழுந்து போய்விடாதே, தனேஸ்வரா. நான் சொல்லி முடிக்கும் வரை பக்கத்தில் இரு.

இப்படிக்கு,
அப்பாவு